எட்டரை நிமிஷம்

“ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி” என்றார் பஸ் டிரைவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவர் மனைவியின் கையிலிருந்த ஷூ நழுவிக் கீழே விழுந்தது. ஆறு மாதமாக அவள் ஓடி ஓடிப் பழகிய மாரத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

“யாருகிட்டயாவது மாத்திக்கலாம்லங்க?”

“நானே கேட்டு வாங்கினது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாத்தச் சொல்றது?”

கேட்டு வாங்கினாராம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி ஓடுகிற அன்றைக்குத்தானா இந்த மனுஷருக்குக் கடமை உணர்ச்சி பொங்க வேண்டும்?

போன வருடம் அவள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம் என்ற வேகத்தில் கடைசியாக ஒரு வேன் ஊர்ந்து வரும். அதற்குப் பின்தங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் அவளையும் ஏற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘வேன் மேடம்’. “இந்த வருஷமும் ஜன்னல் சீட்டுதானா மேடம்?” என்று தபால்காரர்கூட நேற்றுக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை சொந்தக் காலில் போய்ச் சேர வேண்டும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

பயிற்சியின்போது டிரைவர் சைக்கிளில் பின்னாலேயே வருவார். முன்னால் போகச் சொன்னால் கேட்கவே மாட்டார். “பின்னாடி ஆள் வந்தாத்தான் உனக்குக் காலே நகருது” என்று கிண்டல் வேறு.

“நான் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷத்துல ஓடப்போறேன், பாருங்க.”

“பத்து கிலோமீட்டர் ஓடுவே. அப்புறம்? எட்டு நிமிஷம்னு வெச்சுக்க. டைம்டேபிள்னா நம்மால ஓட்ட முடியறதா இருக்கணும்.”

இருபது வருடமாக ஒரு நிமிஷம் முன்னே பின்னே பஸ்ஸை எடுக்காதவர். பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

ஞாயிறு காலை, அவள் பல் தேய்ப்பதற்குள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். “எட்டு நிமிஷம். மறந்துடாதே.” நல்லா ஓடு என்று ஒரு வார்த்தை உண்டா? இல்லை.

அந்தக் கோபத்தோடேயே ஓடினாள். ஆறரை என்ன ஆறரை, ஆறே கால்! இருபது கிலோமீட்டர் வரை பறந்தாள். இருபத்தெட்டில் கால் கல்லாய்க் கனத்தது. நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். எட்டு நிமிஷம் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தைந்தில், முதுகுக்குப் பின்னால் வேனின் உறுமல் கேட்டது.

திரும்பவே கூடாது. திரும்பினால் ஏறிவிடுவோம் என்று அவளுக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்சம் நடந்தால் ‘பாம்’ என்று ஹாரன். ஓடினால் சத்தம் நிற்கும். மறுபடி நடந்தால் மறுபடி ‘பாம்’.

“கட்டையில போறவனே!” என்று திரும்பாமலே கத்தினாள். “உன் பொண்டாட்டி ஓடினா இப்படித்தான் ஹாரன் அடிப்பியா?”

பதிலுக்கு இரண்டு ‘பாம்’.

வந்த ஆத்திரத்தில் கால் வலிகூட மறந்துபோயிற்று. விழுந்தடித்து ஓடினாள். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது மேலே கடிகாரம் ஐந்து மணி நேரம் ஐம்பத்தெட்டு நிமிஷம் காட்டியது.

கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஜெயித்துவிட்டாள். இனி எவன் சொல்வான் வேன் மேடம் என்று?

அரை நிமிஷத்தில் வேனும் வந்து நின்றது. அந்த டிரைவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று நொண்டி நொண்டிப் போய்க் கதவைத் தட்டினாள்.

கண்ணாடி மெல்ல இறங்கியது.

“கேட்டு வாங்கின டூட்டின்னு சொன்னேன்ல?”