பாலத்துக்கு நட்ட கற்கள்

ஓடைக்கரையில் நாலு கல் வரிசையாக நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தொகுதியில் ஜெயித்த ஒவ்வொரு எம்.பி.யும் பாலம் கட்டுவதாகச் சொல்லி நட்டுவிட்டுப் போன அடிக்கற்கள் அவை.

நேற்று வந்த கல் மாலையும் கழுத்துமாக மினுக்கியது. "அடுத்த மாசம் பாலம் வந்துடும், பாருங்க!"

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க தம்பி. என்மேல இருந்த பேரே அழிஞ்சுபோச்சு," என்றது மூத்த கல் அலுப்போடு.

அப்போது ஒரு வெள்ளாடு, வயிறு ஒட்டிய குட்டியோடு வந்து நின்றது. புல் இருந்ததெல்லாம் அக்கரையில்தான். ஓடைத் தண்ணீரோ குட்டியின் தலைக்கு மேல்.

"பாலம் எப்பண்ணே வரும்?"

புதுக்கல் வாயெடுப்பதற்குள் மூத்த கல் முந்திக்கொண்டது.

"முதல்ல என்னை முட்டி ஓடைக்குள்ள தள்ளு தாயி. அப்புறம் இவங்களையும் வரிசையாத் தள்ளிவிடு. உன் புள்ள எங்க முதுகுல கால் வச்சுத் தாண்டட்டும்."