இருபத்தெட்டுக் கோடுகள்

இருபத்தேழாவது ஆளும் “போட்டு வாறன் அண்ணா” என்று சொல்லிவிட்டு நகர்ந்ததும், நரேன் நோட்டில் இன்னொரு கோடு கிழித்தான். மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகம். அதன் தமிழ் மாணவர் சங்கத்துக்கு இன்று தலைவர் தேர்தல். ஈரோட்டுக்காரன் நரேன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

வாக்குப் பெட்டி இரண்டாம் மாடியில் இருந்தது. வேட்பாளர்கள் தங்கள் ஓட்டைப் போட்டுவிட்டு ஐம்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நரேன் காலையிலேயே போட்டுவிட்டு, கீழே புல்வெளியில் குளிரோடு நின்று துண்டுப் பிரசுரம் நீட்டினான்.

தலைமைப் பதவி மீது அவனுக்கு ஆசை எதுவும் கிடையாது. வேலை வேண்டும். பதினேழு கம்பெனிகள் பதினேழு இன்டர்வியூவிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன: நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். பதினேழாவதில் வேறு வழியில்லாமல், ஊரில் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வரிசையை ஒழுங்குபடுத்தியதைச் சொன்னான். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

நாளை காலை மல்கிரேவில் பதினெட்டாவது இன்டர்வியூ. விசா முடிய ஆறு வாரம். அதற்கப்புறம் ஈரோடுதான்.

இருபத்தெட்டாவதாக நிதுஷன் வந்தான். இரண்டாம் ஆண்டு இன்ஜினீயரிங். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், பிறந்தது இங்கே.

“நிதுஷன், எனக்குத்தானே ஓட்டு?”

“கட்டாயம் அண்ணா. குட் லக்! போட்டு வாறன்.”

சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினான். மாடிப்படி எதிர்ப்பக்கம் இருந்தது. போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான், எவ்வளவு பொறுப்பு என்று நரேன் நெகிழ்ந்துபோனான்.

எதிர்த்து நின்ற பிரஷாந்தன் பிரசாரமே செய்யவில்லை. ஒரு வருஷமாகத் தற்காலிகப் பதில் தலைவராக இருப்பவன். சங்கத்தின் பொங்கல் பானையையும் குத்துவிளக்கையும் தன் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன பிரஷாந்தன், இப்பவே தோல்விய ஒத்துக்கிட்டீங்களா?”

“ஓம் அண்ணா. நீங்கள்தான் வெல்லவேணும். உங்களுக்காகக் கோயிலிலை தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்ந்திருக்கிறன்.”

எதிரிக்கே தேங்காய். நரேனுக்கு இந்த நாகரிகம் பிடித்திருந்தது.

நாலு மணிக்குத் தேர்தல் அதிகாரி சிவாஜினி பெட்டியோடு இறங்கி வந்தாள். சட்டம் படிப்பவள், எதையும் மெதுவாகத்தான் செய்வாள். பெட்டி என்பது ஒரு பிஸ்கட் டின். மேசையில் அதைக் கவிழ்த்தபோது இரண்டு சீட்டு விழுந்தது. அடியில் தட்டினாள். பிஸ்கட் தூள் விழுந்தது.

“நரேன் ஒண்டு. நரேன் ரெண்டு. முடிஞ்சுது.”

ஒன்று அவனே போட்டது.

“மிச்சம் எங்கங்க? இருபத்தெட்டுப் பேர் போட்டாங்க!” நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். “ஒவ்வொருத்தரும் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க, போட்டு வாறன், போட்டு வாறன்னு.”

சிவாஜினி பிரஷாந்தனைப் பார்த்தாள். பிரஷாந்தன் பானையைப் பார்த்தான்.

“அண்ணா,” என்றாள், “போட்டு வாறன் எண்டா போயிட்டு வர்றேன் எண்டு அர்த்தம். பை சொல்றது. அவையளுக்குத் தெரிஞ்ச தமிழிலை பாதி அதுதான்.”

இருபத்தெட்டுப் பேர் அவனிடம் விடைபெற்றுப் போயிருந்தார்கள். அவன் அதை வரிசையாகக் குறித்தும் வைத்திருந்தான்.

“அப்ப அந்த இன்னொரு ஓட்டு?”

“நான்தான் போட்டனான்,” என்றான் பிரஷாந்தன் அடக்கமாக. “ரெண்டுக்குப் பூச்சியம். வெண்டால் வெண்டதுதானே அண்ணா.”

“எத்தனை பேர் போடவேணும் எண்டு விதியிலை இல்லை,” என்றாள் சிவாஜினி. “நீங்கள்தான் தலைவர்.”

நரேன் யோசித்தான். நாளை மல்கிரேவில் எத்தனை ஓட்டு என்று யாரும் கேட்கப்போவதில்லை. தலைவர் என்றால் தலைவர். முதுகு தானாக நிமிர்ந்தது. சங்கத்துக்கு என்ன செய்யலாம் என்றுகூட முதல்முறையாக ஓர் எண்ணம் வந்தது: இந்தப் பிள்ளைகளுக்கு மீதிப் பாதித் தமிழைச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு வகுப்பு. புதன்கிழமை வைக்கலாம். சமோசா கொடுத்தால் வருவார்கள்.

சிவாஜினி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். சங்கத்தின் பெயர், தேதி, காரணம் எல்லாம் ஏற்கெனவே டைப் செய்திருந்தது. தலைவர் கையெழுத்து என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பேனா மூடியைப் பிரஷாந்தனே கழற்றிக் கொடுத்தான்.

நரேன் படிக்கவில்லை. இரண்டு வருஷமாக இந்த நாட்டில் அவன் கடைசி வரிவரை படித்ததெல்லாம் நிராகரிப்புக் கடிதங்கள்தான். இது ஒன்றாவது படிக்காமல் கிடைக்கட்டும் என்று, அழுத்தி, சுழித்து, கீழே இரண்டு புள்ளியும் வைத்தான்.

“பதில் தலைவர் கையெழுத்து வைச்சா மாணவர் யூனியன் ஏற்காது அண்ணா,” என்றான் பிரஷாந்தன், பேனாவை மூடிக்கொண்டே. “ஒரு வருசமா தலைவருக்கு ஒருத்தரும் நிக்கேல்லை.”

“அதான் இனிமே நான் இருக்கேன்ல?” நரேன் அவன் தோளில் தட்டினான். “சொல்லுங்க, பதவியேற்பு விழாவ எப்ப வச்சுக்கலாம்?”

சிவாஜினி படிவத்தை உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

“அண்ணா, நீங்கள் இப்ப சங்கத்தை மூடிப்போட்டியள்.”