ஆறடி ஏழு அங்குலம்

ஆறேகால் அடிக் கட்டிலில் ஆறடி ஏழு அங்குல ஆளை எப்படிப் படுக்க வைப்பது?

அளவு நாடாவோடு கோல்பியின் அறையில் நின்றுகொண்டிருந்தேன். நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

படுத்த மனிதன் நின்ற மனிதனைவிட நீளம். பாதம் முன்னால் சாயும், தலைக்கு மேலும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆக, குறைந்தது ஏழடி.

கோல்பி இன்று காலைதான் போனான். ஐந்தடி ஏழு அங்குலம். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியிலேயே பொடியன்.

இந்த அணிகளில் ஆடும் பையன்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர் வீடுகளில் பிள்ளையைப் போலத் தங்கி ஆடுவார்கள். கோல்பி என் வீட்டில் இரண்டு பருவம் இருந்தான்.

பருவக் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு முன், ஜனவரியில், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும். போன் வரும். ஒரு மணி நேரத்தில் பையைக் கட்டிவிட வேண்டும். பத்து மணிக்கு என் சமையலறையில் முட்டை தின்றுகொண்டிருந்தவன், பதினொன்றரைக்கு நெடுஞ்சாலையில் இருந்தான்.

அவனுக்குப் பதிலாக வருகிறவன் கிரிஃபின். ஆறடி ஏழு.

பையன்களுக்கு வீடு ஏற்பாடு செய்பவர் டெல்மர். போன வருடம் ஒருத்தனுக்குக் குட்டைக் கட்டிலில் முதுகு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து, ஆளைவிடக் கட்டில் நீளமாக இருந்தால்தான் வீடு கிடைக்கும். என்னிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் கிரிஃபின் மெல்னிக் குடும்பத்தோடு தங்குவான். எனக்கு அடுத்த பையன் செப்டம்பரில்தான்.

அதுவரை இந்த வீட்டில் நான் மட்டும்.

மதியம் டெல்மர் போனில் சிரித்தார்.

"பிளேஆஃப்ல நடுவர் விசிலப் பாக்கெட்ல போட்டுருவாரு, வெர்னா. ஒரே டீமோட ஏழு ஆட்டம். ஐஸைச் சுத்தி இருக்கற பலகையோட சேத்து வச்சு அமுக்குவானுங்க. கோல்பி மாதிரி பொடிசு மூணாவது ஆட்டத்துலயே சப்பையாயிருவான்."

"அடிக்கிற வட்டு தரையிலதான ஓடுது? உன் ஒட்டகச்சிவிங்கி ஒரு திரும்பு திரும்பறதுக்குள்ள கோல்பி கோல் போட்டுட்டு வந்துருவான்."

"இவன் கதவுல குனிஞ்சுதான் நுழைவான், பாரு."

"குனிஞ்சா கோல் விழுமா?"

"அதெல்லாம் கெடக்கட்டும். கட்டில் இருக்கா, இல்லையா?"

இரண்டு வருடமாக இதே சண்டைதான். எனக்கு அலுக்கவே இல்லை. போனை வைத்ததும் ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

கட்டிலின் கால்பக்கப் பலகையைக் கழற்றிவிடலாமா? முடியாது. இரண்டு பக்கச் சட்டங்களும் அதில்தான் போல்ட் போட்டு நிற்கின்றன. கழற்றினால் மெத்தை தரைக்கு வந்துவிடும்.

மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தால்? கணக்குப்படி ஏழடி கிடைக்கிறது. ஆனால் மூலையில் அகலம் இல்லை. ஒரு தோள் அந்தரத்தில் தொங்கும்.

மெத்தையைத் தரையில் போட்டு, காலுக்கு ஒரு மெத்தைத் துண்டு? சுவரோரம் நெடுக ஹீட்டர் ஓடுகிறது. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. அணைக்கவும் முடியாது, அதை ஒட்டித் துணி போடவும் முடியாது.

சோபாவை அளந்தேன். விருந்தினர் வந்தால் விரிக்கும் மடக்குக் கட்டிலை அளந்தேன். மணி மூன்றரை.

வீட்டில் இன்னும் ஒரு கட்டில் இருந்தது. அதற்கு நாடா தேவையில்லை.

ஏழரை அடி. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், கடையில் கிடைக்கிற எதிலும் அடங்காத ஹார்வி, தன் கையாலேயே செய்தது. நாலு வருடமாக அதன் இடது ஓரத்தில் தூங்குகிறேன். வலப்பக்கத்து விரிப்பு கசங்குவதே இல்லை.

டெல்மரைக் கூப்பிட்டேன்.

"ஏழரை அடி. எழுதிக்கோ."

ஹார்வியின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் டெல்மரும் ஒருவர். அதன் நீளம் அவர் தோளுக்குத் தெரியும்.

"ஆறு மணிக்குக் கூட்டிட்டு வரேன்" என்றார். பொடிசு, பெரிசு என்று எதுவும் சொல்லவில்லை.

பெரிய கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். இரண்டு தலையணைகளையும் நடுவில் வைத்தேன். என் துணிமணிகளை இரண்டு நடையில் கோல்பியின் அறைக்குக் கொண்டுபோனேன்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஆறேகால் அடிக் கட்டில் எனக்குத் தாராளம்.