வயிற்றில் எழுதிய எண்

பாறைப் பல்லிகளைக் கணக்கெடுப்பதுதான் அவளுக்கும் அவள் கணவனுக்கும் வேலை. புல்வெளியில் கிடக்கும் கல்லைப் புரட்டி, அடியில் இருக்கும் பல்லியைப் பிடித்து, வயிற்றில் மையால் எண் எழுதி, அதை விட்டுவிட்டு, கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். பல்லி தோல் உரித்தால் எண் போய்விடும். அதற்கு ஒரு மாதம்கூட ஆகாது.

கணவன் இதே புல்வெளியில் காணாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. தேடுவதை நிறுத்தச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தோடு கொழுந்தன் காலையிலேயே புல்வெளிக்கு வந்துவிட்டான்.

"போடுங்க அண்ணி. பல்லி பின்னாடி போறவனுக்குப் பொண்ணு குடுக்காதீங்கன்னு உங்கப்பாகிட்ட அன்னைக்கே சொன்னேன்," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"இந்த வரிசையை முடிச்சிட்டுப் போடறேன் தம்பி."

அவள் ஒரு கல்லைப் புரட்டினாள். அதனடியில் இருந்த பல்லியின் வயிற்றில் 217 என்று எழுதியிருந்தது. அவள் கடைசியாக எழுதியது 216. ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. கணவன்தான் அப்படிப் போடுவான்.

"என்ன அண்ணி, பழைய பல்லியா?"

"ஆமா," என்றாள்.

அடுத்த கல்லின் அடியில் 218 இருந்தது. அதற்கடுத்ததில் 219. 220-ஐப் பிடித்தபோது மை காய்ந்திருக்கவில்லை. அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கொழுந்தனைத் தவிர ஆள் இல்லை.

"காகிதத்தை எடுத்துட்டுப் போயிடு தம்பி."

அவள் அடுத்த கல்லிடம் போனாள். கை வைப்பதற்குள் அதன் ஓரம் தானாக எழுந்து, அவள் குனியும்வரை அப்படியே நின்றது.