குறுக்கே ஒரு குரல்

"கழுதை இல்ல, கோவேறு கழுதை!"

நோகா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். மறுபடியும் முதலிலிருந்து.

"எஸ்த்ரேயா, தயவுசெஞ்சு... விதால் பேசும்போது நீங்க குறுக்க பேசாதீங்க. ரெக்கார்ட் ஆகுது."

"நான் எங்க பேசினேன்? இந்த மனுஷன் கழுதைன்னாரு. இல்லன்னு சொன்னேன், அவ்வளவுதான்," என்றாள் எஸ்த்ரேயா, மடியிலிருந்த டப்பாவை அணைத்தபடி.

இஸ்ரேலில், ஹைஃபா நகரத்துச் சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் பின்னறை அது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறப்பு. நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குழந்தைகளைப் பற்றிய 'ஒளிந்து வளர்ந்த குழந்தைகள்' பகுதியில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு ஹெட்போன் தொங்கும்; எடுத்துக் காதில் வைத்தால் உயிர் தப்பியவரின் குரல் கேட்கும். கிரீஸ் நாட்டுச் சலோனிக்கா நகரத்துப் படத்துக்கு மட்டும் இன்னும் குரல் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் படத்தையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நோகா ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில் இவர்கள் வீட்டு நம்பரைப் பிடித்தாள். போனை எடுத்தவர் விதால். "கதை இருக்கும்மா, நானே வந்து சொல்றேன். ஆனா என் ராணியையும் கூட்டிட்டு வருவேன். அவ இல்லாம எனக்கு வாயே வராது" என்றார். எண்பதைத் தாண்டியும் இப்படி ஒரு காதலா என்று நோகா உருகிப் போனாள். இப்போது அந்தக் காதல்தான் அவளுக்குத் தலைவலி.

"சரி விதால், ஆரம்பிங்க."

விதால் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைக் கொஞ்சம் மனைவி பக்கமாகத் தள்ளினார். நோகா அதை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சலோனிக்காவுல ஜெர்மன்காரங்க நம்ம ஆளுங்களைச் சாவு முகாமுக்கு ரயில்ல ஏத்த ஆரம்பிச்ச நேரம். ஒரு அம்மா தன் குழந்தையை, வீட்டுக்குத் துணி வெளுக்க வர்ற கிரேக்கக்காரிகிட்ட ஒப்படைச்சா. அந்தப் பொம்பளை குழந்தையைக் கோவேறு கழுதை மேல, வைக்கோலுக்கு அடியில மறைச்சு..."

"வைக்கோலா? வைக்கோல்னா அந்தக் கோவேறு கழுதையே தின்னு தீர்த்திருக்காதா? அழுக்குத் துணி மூட்டைக்குள்ள!"

வயதானவர்கள் தங்கள் கதையை 'ஒரு குழந்தை' என்று யாருக்கோ நடந்தது போலத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால்தான் அவர்களால் சொல்லவே முடியும். நோகாவுக்கு அது பழக்கம்தான். பழகாதது எஸ்த்ரேயாதான். கணவன் கதையைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட மனைவிகளுக்கே உரிய வியாதி இது என்று நினைத்துக்கொண்டாள்.

"குழந்தை கையில ஒரு ரொட்டித் துண்டு..."

"உலர்ந்த திராட்சை. அதுவும் சட்டைப் பையில. ரொட்டியாம் ரொட்டி! தக்காளி வாங்க அனுப்பினா சோப்பு வாங்கிட்டு வர்ற ஆளு இவரு. இவர்கிட்ட போய்க் கதை கேட்கிறியே, பொண்ணே!"

"நான் அவ்வளவு மோசமில்ல, ராணி."

"கல்யாணத்தன்னிக்குச் சடங்குக்குக் கண்ணாடி கிளாஸை மிதிச்சு உடைக்கச் சொன்னா, கல்யாணம் நடத்தி வெச்ச ரப்பியோட காலை மிதிச்ச ஆளுதானே நீங்க? பாவம், அவரு நொண்டிக்கிட்டேதான் விருந்து சாப்பிட்டாரு."

நோகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எஸ்த்ரேயா, வெளியில நல்ல காபி இருக்கு. கொஞ்ச நேரம் அங்க உட்கார்ந்து..." என்று இழுத்தாள்.

"அதெல்லாம் குடிச்சுட்டுத்தான் வந்தேன். இந்தா, நீ சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்கே." டப்பா திறந்தது. சீஸ் வைத்துச் சுட்ட பொரேக்கா ஒன்று நோகாவின் கைக்கு வந்தது. அதை மென்றுகொண்டே, கொடுத்தவளை எப்படி வெளியே போகச் சொல்வது? ரெக்கார்டரை மறுபடி ஓடவிட்டாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றார் விதால். "மூட்டையைக் கட்டுறதுக்கு முன்னாடி, அந்த அம்மா குழந்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓன்னு அழுதா."

எஸ்த்ரேயா டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"அழல."

"பெத்தவ இல்லையா ராணி, அழாம இருப்பாளா?"

"அழலங்கிறேன்ல! சிரிச்சா. தலையை வாரிவிட்டா. 'மூட்டைக்குள்ள தும்மாம இருக்கணும், தும்மினா நீ தோத்துட்டே. ராத்திரி சாப்பாட்டுக்கு நான் வந்துடுவேன்'னு சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா." மூடியை மறுபடியும் அழுத்தினாள். "வரல. குழந்தை தும்மவே இல்ல. அப்பவும் வரல."

எஸ்த்ரேயா, "கையெல்லாம் பிசுபிசுங்குது" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

நோகா கண்களைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நிற்காதே.

"விதால், இப்படி ஒரு கதையை நான் கேட்டதே இல்ல. ஆனா உங்க குரல்ல ஒரு வாக்கியம்கூட முழுசாக் கிடைக்கல. பரவாயில்ல, எஸ்த்ரேயா பேசினதையெல்லாம் நான் வெட்டி எடுத்துடறேன்."

விதால் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அவளை வெட்டிடாதேம்மா, என்னை வெட்டு. நான் அப்ப எகிப்துல, அலெக்சாந்திரியாவுல, எங்கப்பா கடையில மிட்டாய் தின்னுட்டிருந்தேன். அந்தக் குழந்தை அவதான். கேட்டா ஒரு வார்த்தை சொல்ல மாட்டா, நான் தப்புத் தப்பாச் சொன்னாத்தான் வாயைத் திறப்பா. அம்மா அழுதாங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்லிப் பார்க்கிறேன்... இன்னிக்குத்தான் திருத்தினா."