ரொட்டிக்கு ஒரு துணி

வில்லா கிரெஸ்போவில் எங்கள் யூதப் பள்ளியின் பாலர் வகுப்பு. வெள்ளிக்கிழமை மதிய வெயில், ஓய்வுநாளை வரவேற்கும் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. திராட்சைச் சாறு நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில், குழந்தைகள் வண்ணம் தீட்டிய துணிக்குள் பின்னல் ரொட்டி ஒளிந்திருக்கிறது. "ரொட்டிய எதுக்கு மூடி வைக்கிறோம்?" என்கிறேன். "முதல்ல ஜூஸுக்குத்தான ஜெபம் சொல்றோம், அதப் பாத்தா ரொட்டி வெட்கப்படும்!" என்று ஒரே கூச்சல். ஊரியேல் மட்டும் தொடைகளை இறுக்கிக்கொண்டு குனிகிறான். அம்மா வாசலோடு போய்விட, அவன் தனியாக உட்கார்ந்திருக்கும் முதல் நாள் இது. அவன் நாற்காலியிலிருந்து தரையில் ஈரம் சொட்டுகிறது. யாராவது சிரித்துவிட்டால் போதும், திங்கட்கிழமை அவன் வரமாட்டான். நான் எழுவதற்குள் வாயாடி மலேனா ரொட்டித் துணியை உருவி அவன் மடியில் போட்டு, இடுப்பில் செருகிவிடுகிறாள். எல்லோருடைய கண்ணும் ரொட்டியின் மேல்தான். "ஏய், ரொட்டிக்கு வெட்கமா இருக்கும்டி!" என்கிறான் ஒருவன். "அது பெரிசுடா, பொறுத்துக்கும்." உடை மாற்ற, துணியோடு சேர்த்து ஊரியேலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். என் தோளுக்கு மேலாக அவன் ரொட்டியைத் திரும்பிப் பார்க்கிறான். "இதோ குடுத்துடறேன், என்ன?" என்கிறான் அதனிடம்.