வகுபடாத 7919

7919 என்ற எண்ணின் வீட்டில் 1-ஐத் தவிர யாரும் தங்கியதில்லை. அடுத்த வீட்டு 7920-இடம் எப்போதும் கூட்டம். 2, 3, 5 எல்லாம் மீதியில்லாமல் வகுத்துவிட்டு அங்கேயே குடியிருந்தன. 7919-ஐ வகுக்க வந்தவையோ மீதி விழுந்ததும் முகம் சுளித்துக் கிளம்பிவிடும்.

ஒருநாள் 83 வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வகுத்தது. மீதி முப்பத்து நாலு.

"சின்ன எண்கள் எல்லாம் தோத்தாச்சு, நான்தான் கடைசி. இனிமே பெரிய எண்கள் வந்தாலும் பயனில்லை; அதுங்க வகுத்தா ஈவு ஏற்கெனவே தோத்த சின்ன எண்ணாத்தானே வரணும்," என்றது.

7919 வாசலைக் காட்டியது. "சரி, கதவைச் சாத்திட்டுப் போங்க."

"ஏன் போகணும்? 1-ஐ விட்டா என்னையும் யாரும் வகுத்ததில்லை. வகுக்க முடியாட்டி என்ன, கூட்டிக்கலாமே!"

83 பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மாலைவரை இரண்டும் 8002-ஆகச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தன.